குடும்பத்தோடு கோடையில் இத்தாலி, முழுக்க ரயிலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் எடுக்காமல், டூர் பேருந்திலும் ஏறாமல், பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ரயிலிலேயே இத்தாலியைச் சுற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவைதான் கீழே உள்ள கேள்விகள். பதில்கள் பலவற்றில் ஒரே கருத்து வந்து நிற்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை ஊர் பார்ப்பது என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எத்தனை தடவை பெட்டி கட்டுவது என்று முடிவு செய்யுங்கள். குடும்பப் பயணம் களைப்பில் முடியுமா சந்தோஷத்தில் முடியுமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

எந்த மாதம் போவது நல்லது?

உங்கள் கையில் இருந்தால் மே மாதம், தள்ளிப்போனால் ஜூன் நடுவரை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை இதற்கு நன்றாகவே ஒத்துவரும். ஐரோப்பாவில் பள்ளிகள் அப்போது இன்னும் நடந்துகொண்டிருப்பதால் குடும்பங்களின் கூட்டம் உச்சத்துக்குப் போயிருக்காது. பொழுது சாய ராத்திரி எட்டரை ஆகும்.

ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் வாய்க்கும். அப்போது ரோமிலும் பிளாரன்ஸிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகஸ்ட் 15 'ஃபெராகோஸ்தோ' என்ற தேசிய விடுமுறை. அதை ஒட்டிய வாரங்களில் இத்தாலியர்களே கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிடுவார்கள். நகரத்தில் சின்ன உணவகங்கள் பலவும் பூட்டிக் கிடக்கும், கடலோரம் போகும் ரயில்களில் இடம் கிடைக்காது. ஆகஸ்ட்தான் முடியும் என்றால் வடக்கே போங்கள். கோமோ ஏரி, கார்தா ஏரி, டோலமைட் மலைகளின் வாசலான பொல்சானோ, மூன்றுக்கும் ரயில் உண்டு. மிலானிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரேன்னாவில் இறங்கினால் கோமோ ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

பன்னிரண்டு நாள் இருக்கிறது. மிலான், வெனிஸ், பிளாரன்ஸ், பைசா, ரோம், நேப்பிள்ஸ் எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

எல்லாவற்றையும் பார்க்கலாம். எல்லாவற்றிலும் தங்க வேண்டாம். வித்தியாசம் அங்கேதான்.

தங்கும் இடத்தை மாற்றும் நாள் பாதி நாளைத் தின்றுவிடும். காலை பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் சாவி இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் பெட்டிகளோடும் பசித்த பிள்ளைகளோடும் நீங்கள் தெருவில் நிற்பீர்கள். அதே நாளில் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு ரயில் ஏறினால், பயணமே ஓய்வு மாதிரி இருக்கும்.

இத்தாலியின் அதிவேக ரயில்கள் இதை வெகு சுலபமாக்கிவிட்டன. ரோமிலிருந்து பிளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம். பிளாரன்ஸிலிருந்து வெனிஸ் இரண்டு மணிக்குச் சற்று மேல். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம். பிளாரன்ஸிலிருந்து பொலோன்யா முக்கால் மணிக்கும் குறைவு. பைசாவுக்குச் சாதாரண ரயிலிலேயே ஒரு மணி நேரம்தான்.

எனக்குப் பிடித்த பங்கீடு இது: வெனிஸில் மூன்று இரவு, பிளாரன்ஸில் நான்கு, ரோமில் ஐந்து. பிளாரன்ஸில் இருக்கும்போது ஒரு நாள் பைசாவும் லுக்காவும். பைசாவில் கோபுரத்தைப் பார்க்க அரை நாள் போதும், லுக்காவில் கோட்டை மதிலின் மேல் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ரோமில் இருக்கும்போது ஒரு நாள் நேப்பிள்ஸ் பக்கம். மிலானை இந்தத் தடவைக்கு விட்டுவிடுங்கள் என்பேன், டா வின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் தவிர.

விமான டிக்கெட்டை வெனிஸில் இறங்கி ரோமில் ஏறுகிற மாதிரி எடுங்கள். கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சமாகும்.

ஃப்ரெச்சாரோசா, இத்தாலோ, ரெஜியோனாலே என்று பல பெயர்கள் வருகின்றன. எதில் ஏறுவது?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது அதிவேக ரயில். அரசு நிறுவனமான டிரெனித்தாலியா ஓட்டுவது ஃப்ரெச்சாரோசா, 2012 முதல் தனியார் ஓட்டுவது இத்தாலோ. இரண்டும் ஒரே தடத்தில், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. போட்டியால் பயணிக்கு லாபம், அதனால் இரண்டின் விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரோமுக்கும் பிளாரன்ஸுக்கும் நடுவே உள்ள தடத்தின் முதல் பகுதி 1977இல் திறந்தது. ஐரோப்பாவின் முதல் அதிவேகத் தடம் அதுதான். ரயில் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஏறியதும் சொல்லுங்கள்.

இரண்டாவது இன்டர்சிட்டி. வேகம் குறைவு, விலையும் குறைவு, சின்ன ஊர்களில் நிற்கும். மூன்றாவது ரெஜியோனாலே, நம்மூர் பாசஞ்சர் ரயில் போல. இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

டிக்கெட்டை எப்போது வாங்குவது?

அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே, ரெஜியோனாலேக்கு அன்றைக்கே.

அதிவேக ரயிலில் விமானம் போல விலை ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கினால் கடைசி நேர விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் மலிவான டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பாலும் முடியாது. ஜூன் நடுவில் கால அட்டவணை மாறும் என்பதால், அதற்குப் பிந்தைய தேதிகளுக்குச் சில ரயில்கள் தாமதமாகத்தான் விற்பனைக்கு வரும். தேடியபோது ரயிலே இல்லை என்று பதற வேண்டாம், இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

ரெஜியோனாலேயில் தூரத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம். முன்பே வாங்கினாலும் காசு மிச்சமாகாது. காலையில் பிள்ளைகள் எப்போது எழுந்திருக்கிறார்களோ அப்போது கிளம்பலாம் என்பதே இதில் உள்ள பெரிய சுகம்.

பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டுமா?

நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தை மடியில் உட்கார்ந்தால் டிரெனித்தாலியாவில் இலவசம். அதிவேக ரயிலிலும் இன்டர்சிட்டியிலும் 'பிம்பி கிராத்திஸ்' என்று ஒரு குடும்பச் சலுகை உண்டு. இரண்டு முதல் ஐந்து பேர் வரை உள்ள குழுவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பெரியவர்கள் 'பாசே' என்ற முழு விலையைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். சீக்கிரமே வாங்குவதாக இருந்தால், எல்லோருக்கும் மலிவு டிக்கெட் எடுப்பது இந்தச் சலுகையைவிடக் குறைவாக வரும் நாள்களும் உண்டு. ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இத்தாலோவிலும் குடும்பச் சலுகை இருக்கிறது.

ஃப்ரெச்சாரோசாவில் 'சிலென்சியோ' என்று குறித்த அமைதிப் பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மேசையைச் சுற்றி நான்கு இருக்கை எதிரெதிராக இருக்கும் இடத்தை இருக்கை வரைபடத்தில் பார்த்து எடுத்தால் சீட்டு விளையாடிக்கொண்டே போகலாம்.

டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டினோம் என்று சிலர் சொல்கிறார்களே, ஏன்?

ரெஜியோனாலே காகித டிக்கெட்டில் ரயில் எண்ணோ இருக்கையோ இருக்காது. எனவே ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி தேதி, நேரம் அச்சிட வேண்டும். அச்சு இல்லாவிட்டால் டிக்கெட் பயன்படுத்தாததாகவே கருதப்படும். பரிசோதகர் வந்தால் அபராதம்தான். இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் ஏறியதும் நீங்களே அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள். கைபேசியில் வாங்கிய ரெஜியோனாலே டிக்கெட்டாக இருந்தால் ரயில் கிளம்பும் முன் அதில் 'செக்-இன்' செய்ய வேண்டும். அதிவேக ரயிலுக்கும் இன்டர்சிட்டிக்கும் இந்த வேலை எதுவும் கிடையாது.

யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா?

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக விற்பதுதான் யூரெயில் பாஸ். மேலே சொன்ன மாதிரி ஒரே நாட்டுக்குள் நான்கைந்து பெரிய பயணம் என்றால் வேண்டாம். பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் ஒவ்வொரு தடவையும் இருக்கைக்குத் தனிக் காசு கட்ட வேண்டும், இத்தாலோவில் அந்தப் பாஸ் செல்லாது. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்று மேலே ஏறுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நிலையத்தில் நம் ரயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவிப்புப் பலகையில் பிளாரன்ஸ் என்று எங்கேயும் போடவில்லையே?

இந்தத் தடுமாற்றம் முதல் நாளில் எல்லோருக்கும் வரும். இரண்டு காரணம். ஒன்று, பலகையில் ஊர்ப்பெயர்கள் இத்தாலியத்தில்தான் இருக்கும்: பிளாரன்ஸ் என்றால் ஃபிரென்ட்சே, வெனிஸ் என்றால் வெனெட்சியா, நேப்பிள்ஸ் என்றால் நாப்போலி. இரண்டு, பெரிய எழுத்தில் வருவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். ரோமிலிருந்து பிளாரன்ஸ் போகும் ரயிலுக்கு எதிரே மிலானோ என்றோ தொரினோ என்றோ வெனெட்சியா என்றோ இருக்கும். பிளாரன்ஸ் நடுவில் வரும் நிறுத்தம் மட்டுமே.

ஆகவே ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணையும் கிளம்பும் நேரத்தையும் தேடுங்கள். 'பார்தென்ட்சே' என்ற தலைப்பில் இருப்பது புறப்பாடு, 'பினாரியோ' என்ற கட்டத்தில் வருவது பிளாட்ஃபார எண். பெரிய நிலையங்களில் அந்த எண் கிளம்புவதற்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு முன்தான் தோன்றும். தோன்றியதும் பலகையின் கீழ் நிற்கும் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கமாக நகரும். யார் கை யாரைப் பிடிப்பது, எந்தப் பெட்டி யாருடையது என்பதை அதற்கு முன்பே வீட்டுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் 'கரோட்சா' என்பது கோச் எண், 'போஸ்தோ' என்பது இருக்கை.

நேரம் கூடுதலாக வைக்க வேண்டிய இரண்டு நிலையங்களைச் சொல்கிறேன். ரோம் தெர்மினியில் 25க்கு மேற்பட்ட பிளாட்ஃபாரங்கள் மற்றவற்றிலிருந்து விலகி வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. பொலோன்யாவில் 16 முதல் 19 வரை நிலத்துக்கடியில், பல நகரும் படிக்கட்டுகள் இறங்கிய பிறகு வரும். பொலோன்யாவில் ரயில் மாறுவதானால் அரை மணி இடைவெளியாவது வையுங்கள்.

அந்த நிலையத்தைப் பற்றி இன்னொன்று. 1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக்குக் கிளம்பிய மக்கள் நிறைந்திருந்த சனிக்கிழமை காலை, காத்திருப்பு அறையில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். நிலையத்தின் வெளிச்சுவரில் உள்ள கடிகாரம் 10:25இலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளோடு அந்த வழியே போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி அங்கே நின்றுவிட்டுப் போகலாம்.

எவ்வளவு பெட்டி கொண்டுபோகலாம்?

உங்களால் ஒரே ஆளாகத் தூக்கி ரயில் படியேற்ற முடிகிற அளவு. போர்ட்டர் கிடையாது, பழைய ரயில்களில் வாசல் படி உயரம். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு தோள்பை, அவ்வளவுதான். துவைக்கும் இயந்திரம் உள்ள அபார்ட்மென்டாகப் பார்த்து எடுத்தால் பாதித் துணி வீட்டிலேயே இருந்துவிடும். பெரிய நிலையங்களில் பெட்டியை வைத்துவிட்டுப் போகக் கட்டண அறை இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலில் சமாளிப்பாரா?

சமாளிப்பார். நடமாடச் சிரமப்படுவோருக்கு ரயில் நிலையங்களில் 'சாலா ப்ளூ' என்ற உதவிச் சேவை இருக்கிறது. ரயில் தடங்களை நிர்வகிக்கும் நிறுவனமே இலவசமாக நடத்துகிறது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சக்கர நாற்காலியில் அழைத்துப் போய், தேவைப்பட்டால் தூக்கும் மேடை வைத்து ஏற்றிவிடுவார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

ரயிலைவிட ஊர்கள்தான் கடினம். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. கடலோரக் குன்றுகளில் உள்ள சின்க்வே தெர்ரே என்ற ஐந்து கிராமங்களில் கொர்னிலியாவுக்கு மட்டும் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக 380க்கு மேற்பட்ட படி. அங்கே சின்னப் பேருந்து உண்டு, ஆனாலும் கூட்ட நாளில் காத்திருக்க நேரும். அம்மாவோடு போகிறவர்கள் கொர்னிலியாவை விட்டுவிட்டு மொன்தெரோஸ்ஸோவில் இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே கடற்கரை, தரையும் சமதளம். பிள்ளைகள் அலையில் ஆடட்டும், அம்மா குடைக்கடியில் உட்காரட்டும். லா ஸ்பெட்சியாவுக்கும் லேவந்தோவுக்கும் இடையே கோடையில் அடிக்கடி ரயில் ஓடுகிறது. ஒரு நாள் அட்டை வாங்கினால் ஏறி இறங்கலாம்.

வெனிஸில் தீவுக்குள் தங்குவதா, மெஸ்த்ரேயிலா?

மெஸ்த்ரே என்பது தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர். வாடகை குறைவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவு. பலரும் மெஸ்த்ரேயைச் சொல்வார்கள். நான் ஒரு இரவு குறைத்துக்கொண்டாவது தீவுக்குள் தங்கச் சொல்வேன். பகல் கூட்டம் மாலை ரயில்களில் வடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சந்துகளில் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கும், கால்வாய்த் தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் காதில் விழும்.

டிக்கெட் எடுக்கும்போது வெனெட்சியா மெஸ்த்ரேயும் வெனெட்சியா சாந்தா லூச்சியாவும் வேறு வேறு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் இருப்பது சாந்தா லூச்சியா. மெஸ்த்ரே தாண்டியதும் ரயில் காயலின் மேல் உள்ள பாலத்தில் ஏறும். 1846இல் திறந்த பாலம் அது. இடது பக்க ஜன்னலில் பிள்ளைகளை உட்கார வையுங்கள், வலப்பக்கம் சாலைப் பாலம் மறைக்கும். நிலையத்தின் வாசல் படியில் இறங்கினால் எதிரே பெரிய கால்வாய்தான். ஆட்டோவும் இல்லை, காரும் இல்லை, படகுகள் மட்டுமே.

பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரையான குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. 2024இல் தொடங்கியது. ஐந்து யூரோ, கடைசி நேரத்தில் பதிந்தால் பத்து. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. இரவு தங்குபவர்களும் கட்ட வேண்டாம், ஆனால் இணையத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்து வைக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

இத்தாலியில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளி பாஸ்தா, பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்த 'ஆலியோ எ ஒலியோ', மார்கெரித்தா பீட்சா எல்லாம் எங்கும் உண்டு. 'மரினாரா' பீட்சாவைப் பெயரை வைத்து மீன் என்று ஒதுக்காதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய் அவ்வளவுதான், பாலாடைக்கட்டி கூட இல்லை. சின்க்வே தெர்ரே இருக்கும் லிகூரியா கரையில் 'ஃபரினாத்தா' கேளுங்கள். கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டுத் தருவார்கள். மேலே மிளகுத்தூள் தூவிச் சுடச்சுடச் சாப்பிட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிடிக்கும்.

கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள். மிலான் குங்குமப்பூ ரிசொத்தோவும் பல சூப்புகளும் இறைச்சிச் சாற்றில் வேகும். 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே, சென்ட்சா ப்ரோதோ' என்றால் கறி, மீன், சாறு மூன்றும் வேண்டாம் என்று பொருள்.

பெரிய சிக்கல் நேரம்தான். இரவு உணவகங்கள் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ஐந்து மணிக்கே பசிக்கும் பிள்ளைகளுக்கு எடைபோட்டு வெட்டித் தரும் பீட்சாவும் ஃபொகாச்சாவும் கைகொடுக்கும். நான்கு நாள் கழித்து யாராவது சோறு கேட்பார்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்திருந்தால் சூப்பர்மார்க்கெட் பாசுமதியும் தயிரும் போதும். ரோமில் தெர்மினிக்குப் பக்கத்தில் உள்ள எஸ்குயிலினோ சந்தையில் பருப்பு, மசாலா, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும்.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

காலை எட்டு முதல் பதினொன்று வரை ஊர் சுற்றல். பிறகு சாப்பாடு, அறையில் தூக்கம். மாலை ஐந்துக்குப் பிறகு மறுபடி வெளியே. மதியம் பயணம் செய்வதானால் அதிவேக ரயிலில் ஏசி நன்றாக இருக்கும், பழைய ரெஜியோனாலேயில் நம்ப முடியாது.

தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ரோம் தெருக்களில் 'நசோனே' என்று இடுப்புயர இரும்புக் குழாய்கள் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும், நல்ல குளிர்ந்த குடிநீர். வளைந்த மூக்கின் மேல்புறம் சின்னத் துளை ஒன்று இருக்கும். கீழே தண்ணீர் விழும் வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியே நீர் வில்லாகப் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் அப்புறம் ஒரு குழாயையும் விடமாட்டார்கள்.

தேவாலயங்களுக்குள் குளுமையாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் பையில் ஒரு மெல்லிய துப்பட்டா இருக்கட்டும்.

பொம்பேயிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் ஜூலையில் என்றால் எனக்கு வேறு யோசனை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயியில் நிழல் மிகக் குறைவு, பரப்போ பெரியது. அதே 79ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை வெடிப்பில் புதைந்த எர்கொலானோ சிறியது, இரண்டு மூன்று மணியில் முடியும். அங்கே வீடுகளின் மாடி நிற்கிறது. கரியாகிப்போன உத்தரமும் மரச் சாமான்களும்கூட அப்படியே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு 'இங்கே ஆள் இருந்தார்கள்' என்பது அங்கேதான் சட்டென்று புரியும்.

இரண்டுக்கும் ஒரே ரயில்தான்: நேப்பிள்ஸிலிருந்து சோரெந்தோ போகும் சிர்க்கும்வெசுவியானா. நாப்போலி சென்த்ராலே நிலையத்துக்குக் கீழே காரிபால்தி என்ற நிறுத்தத்தில் பிடிக்கலாம். வண்டி பழசு, நெரிசல், பெரும்பாலும் ஏசி கிடையாது. உட்கார இடம் வேண்டுமானால் ஒரு நிறுத்தம் முன்னால், வண்டி கிளம்பும் போர்த்தா நோலானாவுக்கே நடந்து போய் ஏறுங்கள். எர்கொலானோ ஸ்காவி சுமார் இருபது நிமிடம். பொம்பேயிக்கு 'பொம்பேயி ஸ்காவி, வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிறுத்தம், நுழைவாயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்குள் வெறும் பொம்பேயி என்ற பெயரிலும் ஒரு நிலையம் உண்டு. அது வேறு.

அருங்காட்சியக டிக்கெட்?

இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் எந்த நாட்டவராக இருந்தாலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். ரோமின் கொலோசியம், பிளாரன்ஸின் உஃபிட்சி ஓவியக்கூடம், பொம்பேயி எல்லாம் இதில் அடங்கும். இலவசமானாலும் நேரம் பதிய வேண்டியிருக்கும், வயதுக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள். உஃபிட்சிக்கும் தாவீது சிலை உள்ள அக்காதேமியாவுக்கும் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் தனி நாட்டின் கணக்கு. அங்கே பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இந்த நாள்களைப் பார்த்துக்கொண்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள்.

இரவு ரயில் ஏதாவது உண்டா? பிள்ளைகள் படுத்துக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள்.

உண்டு, அதுவும் உலகில் அதிகம் காணக் கிடைக்காத ஒன்று. ரோமிலிருந்து சிசிலிக்கு இன்டர்சிட்டி நோத்தே. பூட்ஸ் வடிவ இத்தாலியின் நுனியில் உள்ள வில்லா சான் ஜொவான்னியில் தரை முடிந்துவிடும், மெஸ்ஸினா நீரிணைக்குப் பாலம் கிடையாது. அங்கே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் போட்டிருக்கும் தண்டவாளத்தில் ஒவ்வொரு துண்டாகத் தள்ளி ஏற்றுகிறார்கள். இணைப்புகள் இடிபடும் சத்தம் படுக்கைக்குக் கீழே கேட்கும். ரயிலைவிட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். கப்பல் கடையில் 'அரஞ்சினி' என்ற வறுத்த சோற்று உருண்டை விற்பார்கள் (பலவற்றில் கறி இருக்கும், கேட்டு வாங்குங்கள்). அந்தக் கரையில் மறுபடி கோத்து, பாதி ரயில் பலேர்மோவுக்கும் பாதி சிராகுசாவுக்கும் பிரிந்து போகும். ஏற்றி இறக்கும் வேலையோடு சேர்த்து இரண்டு மணி நேரம்போல ஆகும். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பியாவது காட்டுங்கள். நான்கு பேர் படுக்கும் அறை முழுவதையும் குடும்பத்துக்கே எடுக்கலாம்.

இதற்குக் கூடுதலாக நான்கு நாளாவது வேண்டும். பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரினோ மலைமேல் நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. இந்துத் தமிழர்கள் பலரும் அங்கே ஏறிப்போய் வணங்குகிறார்கள். போகிறவர்கள் அந்த மலைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

விசாவுக்கு முன்பே எல்லாம் வாங்கிவிட வேண்டுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குள் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ரத்து செய்யக்கூடிய அறை முன்பதிவோடு விண்ணப்பியுங்கள், மாற்ற முடியாத ரயில் டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

திருட்டுப் பயம் உண்டா?

வன்முறை குறைவு, பிக்பாக்கெட் அதிகம். தெர்மினி, நேப்பிள்ஸ் ரயில்கள், வெனிஸ் படகுத்துறை மூன்றிலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். டிக்கெட் இயந்திரத்தில் உதவ வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லி நகருங்கள். பாஸ்போர்ட்டுகளை ஒரே பையில் வைக்காதீர்கள்.

ரயில் தாமதமானால், வேலைநிறுத்தம் வந்தால்?

வேலைநிறுத்தத்துக்கு 'ஷோப்பெரோ' என்று பெயர், அடிக்கடி வரும். ஆனால் நாள் முன்பே அறிவிக்கப்படும். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும். நெடுந்தூர ரயில்களிலும் சில கட்டாயம் ஓடும், பட்டியல் டிரெனித்தாலியா தளத்தில் இருக்கும். அன்றைக்கு ஊர் மாறும் திட்டம் இருந்தால் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பலகையில் 'ரிதார்தோ' என்றால் தாமதம், பக்கத்தில் உள்ள எண் நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணிக்கு மேல் போனால் பாதியும் திரும்பக் கேட்கலாம். தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள், விண்ணப்பம் போட வேண்டும். அதனால் பயணம் முடிந்து வீடு வரும்வரை டிக்கெட்டுகளை அழிக்காமல் வையுங்கள். விமானம் ஏறும் நாளில் மட்டும் தொலைதூர ரயிலை நம்பாமல், முந்தின இரவே ரோமுக்கு வந்துவிடுங்கள். தெர்மினியிலிருந்து ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்கு லியொனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம்.